விபத்து வழக்குக்கு எந்த வக்கீலும் போதுமா?

சாலை விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே குடும்பத்துக்கு ஓர் அறிவுரை வந்துவிடுகிறது. "மோதின வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? அப்புறம் என்ன, கேஸ் தானா நடக்கும். யாராவது ஒரு வக்கீல்கிட்ட கொடுங்க. கைக்காசு வேண்டாம், பணம் வந்ததும் பர்சன்டேஜ் எடுத்துக்குவார்." தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், இதை நம்பி நடக்கும் குடும்பம் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துக் கிடைக்கவேண்டிய தொகையில் பெரும்பகுதியைப் பறிகொடுக்கிறது. இந்த அறிவுரைக்குள் இருக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "தொகைக்கு அட்டவணை இருக்கிறது, யார் நடத்தினாலும் ஒன்றுதான்"

அட்டவணை இருப்பது உண்மை. சரளா வர்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற மல்டிப்ளையரை, அதாவது ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண்ணை, வகுத்தது. 31 முதல் 35 வயது வரை 16. 56 முதல் 60 வரை 9. பிரணய் சேத்தி வழக்கில் 2017இல், சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழ் இருந்தால் வருமானத்தோடு 40 சதவீதம் எதிர்கால உயர்வாகச் சேர்க்க வேண்டும் என்றது. சூத்திரம் எல்லோருக்கும் பொது. அதில் போடும் எண்கள் பொதுவல்ல. வருமானம் எவ்வளவு, உழைக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்ற இரண்டையும் சாட்சியம்தான் முடிவு செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி, வயது 35, மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார். விபத்துக்குப் பிறகு முழங்கால் மடங்கவில்லை. மருத்துவர் தரும் ஊனச் சான்று 30 சதவீதம். அந்தச் சான்றை மட்டும் நீட்டினால், சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று கணக்குப் போட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடித்துவிடக்கூடும். சதவீதத்துக்கு 5,000 என்றால் 1,50,000 ரூபாய். மல்டிப்ளையர் முறை வேண்டும் என்று கேட்டுப் பெற்றும், வருமானத்துக்கு ஆதாரம் காட்டாததால் 12,000 என்று வைக்கப்பட்டால், 40 சதவீத உயர்வும் மல்டிப்ளையர் 16-உம் சேர்த்து, 30 சதவீத இழப்புக்கு 9,67,680. குத்தவைத்து உட்கார முடியாதவர் டைல்ஸ் ஒட்ட முடியாது என்பதை நிறுவி, உழைப்புத் திறன் இழப்பு 60 சதவீதம் என்று ஏற்கவைத்து, 20,000 வருமானத்தையும் நிரூபித்தால் 32,25,600. காயம் ஒன்று, ஆள் ஒருவர். வழக்கை நடத்திய விதம் மட்டுமே வேறு. மருத்துவச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் இதற்கு மேல்.

இந்த வேறுபாட்டை ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்றாலும், அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசு குமாஸ்தாவாக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். வேலை கொடுத்த மேஸ்திரியை அழைக்க வேண்டும். நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கு, செல்போனில் வந்த பணப் பதிவுகள் என எல்லாவற்றையும் சான்றாவணங்களாகக் குறியீடு செய்ய வேண்டும். எப்.ஐ.ஆரில் தவறு உங்கள் பேரில் எழுதப்பட்டிருந்தால், கண்ணால் பார்த்த சாட்சியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த வேலை எதுவும் தானாக நடக்காது.

2. "ஆஸ்பத்திரிக்கே வந்து எல்லாம் செய்து தருகிறார்கள், அலைச்சல் மிச்சம்"

குடும்பம் நிலைகுலைந்திருக்கும் நேரத்தில் ஒருவர் வந்து "நான் பார்த்துக்கறேன்" என்றால் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால், வழக்கறிஞர் வழக்குத் தேடிப் போகக் கூடாது, தரகர் வைத்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தம், இத்தகைய தரகர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிட வழிசெய்கிறது. விதியை மீறி வாசலில் நிற்பவர், பிறகு உங்கள் பணத்தில் விதியை மதிப்பார் என்று எதை வைத்து நம்புவது?

அவசரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். கெடு இருப்பது உண்மை. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருந்தாலும் அவற்றை நம்பித் தாமதிக்கக் கூடாது. ஆனால் ஆறு மாதம் என்பது நாலு வக்கீலைப் பார்த்துப் பேசப் போதுமான காலம். மேலும் போலீஸாரே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. சிகிச்சைச் செலவுக்கும் தரகரை அண்ட வேண்டியதில்லை. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, தமிழ்நாடு அரசே ஏற்கிறது. படுக்கையில் கிடப்பவரிடம் வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்க எந்த அவசரமும் இல்லை.

3. "ஜெயித்தால் பர்சன்டேஜ் என்பதுதான் ஏழைக்கு நல்லது"

இருப்பதிலேயே வலுவான வாதம் இது. கையில் காசில்லாதவர் வேறென்ன செய்வார்? தொகை கூடினால் வக்கீலுக்கும் கூடுமே, அதனால் அக்கறையாக நடத்துவாரே என்றும் கேட்கிறார்கள்.

வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் வழக்கறிஞர் கேட்ட ஃபீஸ் பற்றிய வழக்கில், 2017இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது.

அக்கறை கூடும் என்பதும் கணக்கில் நிற்காது. நூறு வழக்கு வைத்திருப்பவருக்கு, ஒரு வழக்கில் மருத்துவரையும் மேஸ்திரியையும் வரவழைத்து இரண்டு வருடம் போராடிப் பெறும் கூடுதல் பங்கைவிட, குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டு சீக்கிரம் முடிப்பதில்தான் லாபம். அப்படிச் சமரசமாக முடிக்கும் இடமான லோக் அதாலத் நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே முடித்த வழக்கில் மேல்முறையீடு கிடையாது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் அங்கே தலையாட்டினால் மீள வழியில்லை. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால், 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் சென்று கூடுதல் தொகை கேட்கலாம்.

காசில்லாதவருக்குச் சட்டம் வேறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. கணவரை இழந்த எந்தப் பெண்ணும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தனியாரிடம் போனால் மொத்த ஃபீஸை முதலிலேயே பேசி, எழுத்தில் வாங்கி, தவணையாகக் கொடுங்கள். வெற்றுக் காசோலை, பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

4. "விபத்து நடந்த ஊர் வக்கீல்தான் நடத்த முடியும்"

தவறு. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ தொழில் செய்யும் ஊரிலோ உள்ள தீர்ப்பாயத்திலும் மனு போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்கிறது. உளுந்தூர்ப்பேட்டையில் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்கு நடத்தலாம். வாய்தாவுக்கு நேரில் போய்ப் பார்க்கவும், சாட்சிகளைக் கூட்டிப் போகவும் அதுவே வசதி.

5. "வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாச்சு, இனி மாற்ற முடியாது"

மாற்றலாம். முந்தைய வக்கீலின் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பயந்து மௌனமாக இருக்க வேண்டாம்.

அப்படியானால் நல்ல வக்கீலை எப்படி அறிவது? முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை, யார் பார்த்தார்கள், அசல் பில்கள் எங்கே என்று அவர் கேட்கிறாரா? மருத்துவரைச் சாட்சியாக அழைப்பாரா? மோதின வண்டியின் பாலிசியும் டிரைவரின் லைசென்ஸும் அன்றைக்குச் செல்லுபடியில் இருந்தனவா என்று பார்ப்பாரா? தொகைக்கான கணக்கை உங்கள் எதிரில் எழுதிக் காட்டுவாரா? எம்.சி.ஓ.பி. எனப்படும் வழக்கு எண்ணையும் மனுவின் நகலையும் தருவாரா? இத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் இருக்கிறார்கள். இத்தனை லட்சம் வாங்கித் தருகிறேன் என்று பார்த்த உடனே வாக்குக் கொடுப்பவர், சாட்சியத்தைப் பார்க்காமலே பேசுகிறார். அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வீட்டின் வருமானத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் அந்த ஒரு வழக்குதான் தாங்கப் போகிறது. அதை யார் நடத்துவது என்று நீங்களே விசாரித்து முடிவு செய்யுங்கள்.