எந்தத் தெரு என்று கேட்டவர்கள் இப்போது எந்தக் காலேஜ் என்று கேட்கிறார்கள்

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் நம் ஊர்களின் சுவர்கள் மாறிவிடுகின்றன. பேருந்து நிலையம், டீக்கடை, ஆட்டோவின் முதுகு என்று எங்கு பார்த்தாலும் ஃப்ளெக்ஸில் பிள்ளைகளின் முகங்கள். 500க்கு 495, 600க்கு 590. அந்தப் பேனர் கிழிவதற்குள் நீட் முடிவு வந்துவிடும். பிறகு கலந்தாய்வு. அலாட்மென்ட் ஆர்டர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலை போடுவதற்கு முன் கேள்வி வந்துவிடுகிறது: “பையனுக்கு எந்தக் காலேஜ்?”

பெற்றவர்களுக்கு ஒரு சின்னப் பெருமை, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பெரிதுபடுத்தித்தான் ஆக வேண்டும் என்கிறோம். இந்தப் பெருமைக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

கிராமத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நம்மிடம் பேச்சுக் கொடுத்தால் கேள்விகள் ஒரு வரிசையில் வரும். எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? மூன்றாவது கேள்விக்குள் அவருக்குத் தேவையான பதில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் நம்மைத் திண்ணையில் உட்காரச் சொல்வதா, வாசலிலேயே நிற்கவைப்பதா என்று முடிவெடுப்பார். கல்லூரி விடுதியிலும் அதே வரிசைதான், சொற்கள் மட்டும் வேறு. எந்த ஸ்கூல்? கட்-ஆஃப் எவ்வளவு? என்ன ரேங்க்? மார்க்கைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் புருவம் ஏறுகிறதே, அது சேரியின் பெயரைக் கேட்டதும் ஏறிய அதே புருவம்.

இது நம் கற்பனை இல்லை. 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்த தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சக மாணவரிடம் ஜேஇஇ ரேங்க்கைக் கேட்பது முறையல்ல, அது சாதியைத் துருவித் தெரிந்துகொள்ளும் முயற்சியாகப் போகலாம் என்பது அதன் சாரம். நாட்டின் முதல்தரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நிறுவனமே ரேங்க் என்ற கேள்விக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நம் ஊர்ப் பள்ளிகளோ அந்த எண்ணைத்தான் இருபதடி உயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிடுகின்றன.

அந்த ஃப்ளெக்ஸ் எதைச் சொல்வதில்லை என்று பாருங்கள். “100 விழுக்காடு தேர்ச்சி” என்று எழுதும் பள்ளி, ஆறாம் வகுப்பில் எத்தனை பேரைச் சேர்த்தோம், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று எழுதுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரை அழைத்து, “உங்க பையனுக்கு வேற ஸ்கூல் பாத்துக்குங்க” என்று டிசியைக் கையில் கொடுக்கும் வழக்கம் களத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கழிக்கப்பட்ட பிள்ளைகளின் மேல்தான் அந்த நூறு நிற்கிறது. அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் பள்ளியும் கணக்குச் சொல்லாது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல்-கணிதப் பிரிவு கேட்ட மாணவியிடம் “உனக்கு அது வராதும்மா, வேற குரூப் எடு” என்று சொல்லப்படுவதும் எந்த ஃப்ளெக்ஸிலும் வராது.

2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் முறையைக் கைவிட்டது. நல்ல முடிவு. அரசு நிறுத்திய வேலையைப் பள்ளிகள் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டன. மாநில முதலிடம் போய், பள்ளி முதலிடம், பாட முதலிடம், 480க்கு மேல் இத்தனை பேர் என்று வந்துவிட்டது. பயிற்சி மையங்களின் கதை இன்னும் மோசம். போலி மாதிரித் தேர்வுக்கு வந்துபோன மாணவரையும் முழு ஆண்டும் தாங்களே படிக்கவைத்ததுபோல் காட்டுவார்கள். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், வெற்றி பெற்றவரின் ஒப்புதல் இல்லாமல் படத்தைப் போடக்கூடாது, அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்கின்றன. உங்கள் ஊர்ப் பேனரில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மதிப்பெண்தான் தகுதி என்றால் அந்த விதியாவது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா 1200க்கு 1176 எடுத்தார். மருத்துவக் கட்-ஆஃப் 196.75. பழைய கணக்குப்படி அவருக்கு மருத்துவ இடம் உறுதி. 2017இல் தராசையே மாற்றினார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் எடுத்த 1176 திடீரென்று தகுதி இல்லாமல் போனது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்தப் பெண்ணை அந்த செப்டம்பர் 1இல் இழந்தோம். நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை இன்னொன்றைக் காட்டியது: ஒருமுறைக்கு மேல் தேர்வு எழுதி மருத்துவ இடம் பிடித்தவர்களின் பங்கு நீட்டுக்கு முன் 12 விழுக்காடு அளவில் இருந்து, 2020-21இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது. ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து பயிற்சிக் கட்டணம் கட்டிப் படிக்க முடிந்தவர் யார்? படிப்பை முடித்த கையோடு கூலிக்கோ கம்பெனிக்கோ போக வேண்டியவர் யார்? ஃப்ளெக்ஸில் இருக்கும் எண்ணுக்குள் அந்த ஓராண்டுச் சோறும் அடங்கியிருக்கிறது.

கோட்டா என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய இடத்துக்கும் வாழ்த்துப் பேனர் வைக்கப்படுகிறது. அதில் “மேனேஜ்மென்ட் கோட்டா” என்று யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என்ஆர்ஐ கோட்டாக்காரரிடம் வகுப்பில் யாரும் கட்-ஆஃப் கேட்பதில்லை. 18 விழுக்காட்டில் சட்டப்படி வந்த நம் பிள்ளையின் நெற்றியில் மட்டும் கோட்டா என்று ஒட்டுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கினால் பெருமை, உரிமையால் பெற்றால் இழிவு என்று எந்த நியாயத்தில் வருகிறது?

“நம் தெருவில் முதல்முறையாக ஒரு பெண் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறாள். அதற்கும் பேனர் வைக்கக்கூடாதா?” என்று கேட்பீர்கள். வையுங்கள். பறை அடித்தே கொண்டாடுங்கள். சாதித் தலைவர்களின் படமும் சாதிக் கொடியும் மட்டுமே தொங்கிய முக்கில் நம் பெண்ணின் முகம் ஏறுவது அரசியல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நம் பிள்ளை படிப்பதையே பொறுக்காத மண் இது. இங்கே நம் மகிழ்ச்சியை ஒளித்துவைக்கச் சொல்ல மாட்டோம்.

நாங்கள் எதிர்ப்பது அவர்களுடைய அளவுகோலை நாம் கடன் வாங்குவதை. நம் இளைஞர் குழுக்களிலும் மருத்துவம், ஐஐடி என்றால் நூறு வாழ்த்து விழுகிறது. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு கைதட்டல் இமோஜிகூட இல்லை. அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் பஸ் ஏறுகிறாள், அவள் வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். ஐடிஐயில் சேர்ந்தவனை “அவ்ளோதானா?” என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து தோட்டை அடகு வைத்துத் தகுதிக்கு மீறிய கடனில் தனியார் கல்லூரியில் சேர்த்து, மூன்றாம் பருவத்தில் பிள்ளையை நிறுத்திய குடும்பங்களை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முழுத் தெருவின் மானத்தையும் பதினேழு வயதுத் தோளில் ஏற்றுவது அன்பு ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மதிப்பெண் 750க்கு 282. நாற்பது விழுக்காடுகூட இல்லை. இன்றைய எந்தப் பள்ளியும் அந்த எண்ணை ஃப்ளெக்ஸில் போடாது, ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்திருக்கும். ஆனால் அன்று நம் மக்கள் அதற்கு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை. மேலே படிக்கப் பணமில்லாதபோது பரோடா மன்னரிடம் பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். அண்ணலின் பட்டங்களை வரிசையாகச் சொல்லி நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம், நிமிர்த்த வேண்டும். அந்த வரிசைக்குப் பின்னால் 282ஐக் கொண்டாடிய ஒரு கூட்டமும், அடுத்த மாதச் செலவை யோசித்த ஓர் ஆசிரியரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

தோழர்களே, வரும் சேர்க்கைக் காலத்தில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பேனர் வைக்கும் பள்ளியிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டில் யாரைச் சேர்த்தீர்கள் என்று எழுத்துமூலம் கேளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் “முதலில் ஃபீஸ் கட்டு” என்று சொல்லும் தனியார் கல்லூரியின் மேசையில் 2012ஆம் ஆண்டு அரசாணை 92ஐ வையுங்கள். விடுதியில் புதிதாக வரும் ஜூனியரிடம் கட்-ஆஃப் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, ரூம் கிடைத்ததா, ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிவிட்டாயா என்று கேளுங்கள்.

தேர்வு முடிவு வரும் அன்று காலை, முதல் மார்க் எடுத்த வீட்டுக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் தோற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று தெரிந்துகொண்டு போங்கள்.