சூப்பர்மேனை விட ஃபேமஸ் ஆன நாய்: யார் இந்த 'கிரிப்டோ'?

2025 ஜூலையில் வெளியான 'சூப்பர்மேன்' படத்தில் ஹீரோவுக்கு இணையாகக் கைதட்டல் வாங்கியது ஒரு வெள்ளை நாய். படம் வந்த கையோடு, நாய் தத்தெடுப்பது பற்றி கூகுளில் தேடுவதும் எகிறியது. என்ன காரணம்?

70 வயது நாய்!

கிரிப்டோ அறிமுகமானது 1955 மார்ச் மாத 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 210-வது இதழில். எழுதியவர் ஓட்டோ பைண்டர், வரைந்தவர் கர்ட் ஸ்வான். மகனை அனுப்புவதற்கு முன் ராக்கெட்டை சோதிக்க, அப்பா ஜோர்-எல் ஏற்றி அனுப்பிய வீட்டு நாய் இது. வழிதவறிப் போய், பல வருஷம் கழித்து பூமிக்கு வந்து எஜமானைக் கண்டுபிடிக்கும். 2005-ல் கார்ட்டூன் தொடர், 2022-ல் டுவைன் ஜான்சன் குரலில் அனிமேஷன் படம் எனத் தொடர்ந்தது.

இப்போ என்ன மாறியது?

புதிய கிரிப்டோ சொன்ன பேச்சு கேட்காது. காரணம், இயக்குநர் ஜேம்ஸ் கன் தத்தெடுத்த 'ஓசு'. மனிதர்களிடம் பழகாமலே வளர்ந்த அந்த நாய், ஷூவில் ஆரம்பித்து லேப்டாப் வரை கடித்துக் குதறியது. தொட்டுப் பார்க்க விடவே நீண்ட காலம் ஆனது. 'இதுக்கு சூப்பர் பவர் இருந்தால் என்ன ஆகும்?' என்ற யோசனைதான் இன்றைய கிரிப்டோ.

ஆசைப்பட்டால் போதுமா?

திரையில் இரண்டு மணி நேரச் சேட்டை. வீட்டில் பத்து வருஷத்துக்கும் மேலான பொறுப்பு. கிரிப்டோவைப் பார்த்து நாய் தேடுபவர்கள், ஓசுவின் கதையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.