நொடித்துப் போனவருக்கு ஒரு வீடு: ஜமாஅத்தின் கடமை என்ன?

மேச்சேரியில் ஆட்டு வியாபாரமோ தோல் வியாபாரமோ செய்வோர் கடனின்றித் தொழில் நடத்துவது அரிது. மேச்சேரி ஆட்டின் தோலுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு கைக்கு வருமுன் முதல் போட்டாக வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ரிசர்வ் வங்கி அளித்த ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு முடிந்த பின்னரும் எழ முடியாமற்போன சிறு வியாபாரிகள் தமிழகமெங்கும் உண்டு. அத்தகைய ஒருவர் கடையை மூடி, இருந்ததை விற்று, கடனில் ஒரு பகுதியைக் கட்டி வங்கியோடு தீர்வு செய்துகொண்டார் எனக் கொள்வோம். இன்று மாதச் சம்பளத்துக்கு உழைக்கிறார். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பில் ஒரு வீடு பெற விரும்புகிறார். அவருக்கு யார் கைகொடுப்பது?

1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாற்றம் பெற்றது இவ்வாரியம். பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின்கீழ் கட்டப்படும் வீடுகளில் விலையின் ஒரு பகுதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. எஞ்சியது பயனாளியின் பங்குத்தொகை. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மிகாமலும், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாமலும் இருப்பவரே இதற்கு உரியவர். அப்படிப்பட்டவரிடம் பங்குத்தொகைக்கான ரொக்கம் எப்படி இருக்கும்? வங்கிக்குப் போகிறார். வங்கி அவருடைய சிபில் அறிக்கையைத் திறக்கிறது. பழைய கடன் அங்கே ‘முடிக்கப்பட்டது’ என்றில்லாமல் ‘தீர்வு செய்யப்பட்டது’ என நிற்கிறது. முழுப் பணமும் வரவில்லை என்பதே அச்சொல்லின் பொருள். கடன் தகவல் நிறுவனங்கள் இத்தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கதவு அடைபட்டதும் அவர் அடுத்து நிற்பது கந்துவட்டிக்காரரின் வாசலில்.

சட்டமும் அவருக்கு ஆறுதல் தரவில்லை. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளி புதிதாய்த் தொடங்குவதற்கென ஒரு பகுதி உண்டு. ஆண்டு வருமானம் அறுபதாயிரம், சொத்து இருபதாயிரம், கடன் முப்பத்தைந்தாயிரம் ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டவருக்கே அது. அதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சிறு வியாபாரிக்கு மிஞ்சியிருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். இங்கிலாந்தில் திவாலானவர் பொதுவாக ஓராண்டில் விடுவிக்கப்படுகிறார். கடன் பதிவேட்டில் அந்தக் குறிப்பு ஆறாண்டுகள் நிற்கும். அதன்பின் தாம் குடியிருக்கும் நகராட்சி வீட்டையே விலைக்கு வாங்க அவர் முயலலாம். வட்டியை விரும்பாதவருக்காக அங்கே இஸ்லாமிய வங்கியின் வீட்டுத் திட்டமும் உண்டு. இங்கோ வட்டியில்லா வங்கிச் சாளரம் திறக்கும் யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்துவிட்டது.

இந்நிலையில் நம் சபைகளில் கேட்கும் பதில் ஒன்றுதான்: “வட்டிக்கடன் ஹராம், வாடகை வீட்டிலேயே இருங்கள்.” முதற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வட்டியைத் தடுத்த அதே மார்க்கம் கடனாளியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதை மிம்பரில் கேட்பது அரிதாகிவிட்டது. சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தருவதையும், முடிந்தால் விட்டுக்கொடுப்பதையும் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் போதிக்கிறது. வாங்கிய கனிகளில் நஷ்டமடைந்து கடன் பெருகிய ஒருவருக்குத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் மக்களை ஏவினார்கள். வசூலான தொகை போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுமாறும், அதற்கு மேல் ஏதுமில்லை என்றும் கடன் கொடுத்தோரிடம் கூறினார்கள். முஸ்லிம் நூலில் பதிவான செய்தி இது. நொடித்தவரைச் சமுதாயம் கூடித் தூக்கிவிட்டது. அவர் மீது நிரந்தர முத்திரை எதுவும் குத்தப்படவில்லை.

நாமோ முத்திரை குத்துகிறோம். சிபில் அறிக்கைக்காவது ஒரு கால வரம்பு உண்டு. ஊர் நினைவுக்கு அதுவும் இல்லை. “அவர் கடையை மூடியவராயிற்றே, அவருக்கா ஜாமீன்?” என்ற கேள்வி மகளின் நிக்காஹ் பேச்சு வரை தொடர்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றியவரையும் வியாபாரத்தில் வீழ்ந்தவரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. வங்கியின் கணினிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரே தெருவில் வாழும் ஜமாஅத்துக்குத் தெரியும்.

ஸகாத் பெற உரிய எட்டுப் பிரிவினரில் ஆறாவதாக அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் எண்ணுவது கடனாளிகளை. நம் பைத்துல்மால் கணக்குகளில் ஏழைக்குமர் திருமணம், மருத்துவம், கல்வி எனத் தலைப்புகள் இருக்கும். கடனாளி என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். உறவினருக்கும் சக வியாபாரிக்கும் பட்டுள்ள பழைய கடனை, கட்ட இயலாதவர் சார்பில், அந்தப் பங்கிலிருந்து தீர்க்கலாம். வங்கிப் பாக்கியில் வட்டி கலந்திருப்பதால் அதை ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்ய வேண்டும். வீட்டுக்கான பங்குத்தொகை வேறு கணக்கு. அதை ஸகாத்தோடு கலக்காமல், வசதியுள்ளோர் பத்துப் பேர் சேர்ந்து அழகிய கடனாகத் தரலாம். மாத வாடகைக்குப் போகும் பணமே திரும்பி வரும் தவணையாகும். எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள்; அல்பகராவின் 282-ஆம் வசனம் கற்றுத்தரும் முறையும் அதுவே. நம்மவர் பலர் வெட்கத்தால் எழுதாமல் கொடுத்து, பிறகு பகையாகிறார்கள்.

கடன்பட்ட சகோதரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. அதை வாங்கிப் பாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாக நின்றால் வங்கியிலிருந்து நிலுவையில்லாச் சான்று பெற்று, திருத்தம் கோரி எழுதுங்கள். முப்பது நாட்களுக்குள் தீர்க்கத் தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்தச் சான்றின் நகல் ஒன்றை ஜமாஅத் அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.