ப்ராக்ரஸ் பாரும் பாழாய்ப்போன ப்ரவுசர்களும்

கோப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று காட்டுவதற்கு ஹெச்டிஎம்எல்லிலேயே 'ப்ராக்ரஸ்' என்றொரு டேக் இருக்கிறது. குரோமில் 2010-லும் ஃபயர்பாக்ஸில் 2011-லும் வந்துவிட்டது. ஆனாலும் வெப் டிசைனர்கள் பலர் அதன் பக்கமே போவதில்லை. ஒரு டிவ்வுக்குள் இன்னொரு டிவ்வைப் போட்டு, உள்ளே இருப்பதன் அகலத்தை ஜாவாஸ்கிரிப்டால் இழுத்துக்கொண்டே போகிறார்கள்.

ஏன் என்று கேட்டால், "அந்த டேக்குக்கு கலர் மாத்தவே முடியலப்பா" என்பார்கள். புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. குரோமிலும் சஃபாரியிலும் 'வெப்கிட்-ப்ராக்ரஸ்-பார்' என்றால் பின்னால் இருக்கும் காலிப் பட்டை. நிரம்பும் பகுதிக்குப் பெயர் 'வெப்கிட்-ப்ராக்ரஸ்-வேல்யூ'. ஃபயர்பாக்ஸில் 'மோஸ்-ப்ராக்ரஸ்-பார்' என்றால் நிரம்பும் பகுதியேதான்! காலிப் பட்டைக்கு டேக்குக்கே பேக்கிரவுண்ட் கொடுக்க வேண்டும். பேர் ஒன்று, ஆள் வேறு. (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-ல் எழுத்து நிறத்துக்கான 'கலர்' தான் பட்டையையும் நிரப்பும். 2022-ல் எக்ஸ்ப்ளோரருக்கே ஓய்வு கொடுத்தாகிவிட்டது, அதை விடுங்கள்.)

சரி, இரண்டையும் கமா போட்டு ஒரே விதியாக எழுதலாமே என்றால் அதுவும் நடக்காது. 'மோஸ்' பெயரைக் கண்டதும் குரோம் மொத்த விதியையும் தூக்கிப் போட்டுவிடும். தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். அதற்கும் முன்னால் டேக்குக்கு 'அப்பியரன்ஸ்: நன்' கொடுக்க வேண்டும்.

பத்து வரித் தொல்லை. இதற்குப் பயந்து டிவ்வுக்கு ஓடினால் கண்ணால் பார்ப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் பார்வையற்றவருக்குத்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், ப்ராக்ரஸ் டேக் நகரும்போது பீப் பீப் என்று ஒலிக்கும். சதவீதம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். கேட்டாலே எவ்வளவு முடிந்தது என்று புரிந்துவிடும். வெறும் டிவ்வுக்கு அந்தச் சத்தம் வராது. விண்ணப்பத்தோடு சான்றிதழை ஏற்றிவிட்டுக் காத்திருப்பவருக்கு, ஏறிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? பாதியில் மறுபடியும் பட்டனை அழுத்துவார். 'ஏரியா' பண்புகளைச் சேர்த்து டிவ்வையும் பேச வைக்கலாம்தான். ஆனால் பத்து வரிக்குச் சலித்துக்கொண்டவர் அதை மட்டும் செய்துவிடுவாராக்கும்!

நிறம் மட்டும் மாறினால் போதும் என்பவருக்கு 'ஆக்சென்ட்-கலர்' என்று ஒற்றை வரி இருக்கிறது. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-லிருந்தே அதைப் புரிந்துகொள்கின்றன. வளைந்த முனையும் வரிக்குதிரைக் கோடும் இல்லாமல் முடியாது என்பவர் விதியை இரண்டு முறை எழுதட்டுமே. காப்பி-பேஸ்ட் எதற்கு இருக்கிறது?