கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் எங்கே?

கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்த நம் முன்னோர், இரவு கடையைப் பூட்டும்போது சாவிக்கொத்தோடு பேரேட்டையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். தீப்பிடித்தால் மூட்டை போகலாம், கணக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். இன்று பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். ஆனால் இரவில் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெறும் சாவியோடு வீட்டுக்குப் போகிறோம்.

ஊருக்கு உபதேசமாக இதை எழுதவில்லை. 2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், என் கடையில் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு கணக்கும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்று ஆங்கிலத்தில் ஓர் ஓலை மட்டும் இருந்தது. 'ரான்சம்வேர்' என்றார்கள். நான் தினமும் பென்டிரைவில் நகல் எடுத்து வந்தவன்தான். ஆனால் அந்தப் பென்டிரைவை மாதக்கணக்கில் கழற்றாமல் சொருகியே வைத்திருந்தேன். கம்ப்யூட்டரைப் பூட்டியவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். ரிப்பேர் பார்க்க வருபவர், தன் இடத்திலிருந்தே பார்ப்பதற்காக ஒரு சாப்ட்வேர் போட்டு, சுலபமான பாஸ்வேர்டு வைத்து, இரவும் பகலும் திறந்தே விட்டிருந்தார். அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்காமல் இருந்தது என் தவறு.

கொள்முதல் விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி-யில் கிடைத்தது. பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்ட பில்களும், தாக்கல் செய்த ஆர்-1 படிவங்களில் இருந்தன. கிடைக்காதது பாக்கி. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் யார் எவ்வளவு தந்தார், எவ்வளவு நிற்கிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கடையாக ஏறி, "அண்ணாச்சி, உங்க ஏட்டுல எனக்கு எவ்வளவு நிக்குது?" என்று கேட்டேன். பெரும்பாலோர் உள்ளபடி சொன்னார்கள். எல்லோரும் சொன்னார்கள் என்று எழுத மனம் வரவில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் 'க்ளவுடில்' போட்டுவிடுங்கள் என்று விற்க வருபவர்கள் சொல்கிறார்கள். பாதி சரி. 2024 ஜூலை கடைசியில், வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் என்ற நிறுவனம் இதே விதமாகத் தாக்கப்பட்டபோது, சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பட்டுவாடா நின்றது. அந்த வங்கிகள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதற்காக, சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் பத்திரம் என்றும் இல்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையே பல நாட்கள் கையால் சீட்டு எழுதியது. என் அபிப்பிராயம் இதுதான்: பில் போடுவது கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், நெட் போனால் கூட்ட நேரத்தில் கடை நிற்கக்கூடாது. நகல்களில் ஒன்று க்ளவுடில் இருக்கட்டும். இன்னொன்று நம் கையில், வயரைக் கழற்றிய நிலையில் இருக்க வேண்டும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால், அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. அதிகாரியிடம் "வைரஸ் தின்றுவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள்.

பில் போடும் கம்ப்யூட்டரில் சினிமா இறக்குவதும், திருட்டு சாப்ட்வேர் ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 7-ஐ இன்னும் ஓட்டுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் உலகையே ஆட்டிய 'வான்னாக்ரை'க்கு மாற்றுமருந்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

பாஸ்வேர்டு கணக்கப்பிள்ளை மனசில் மட்டும் இருப்பது இன்னொரு ஆபத்து. டேலியில் 'வால்ட்' பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு வீட்டு பீரோவில் வையுங்கள். நகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் தப்பில்லை. மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு கடையின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் கடையில் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. ஒன்றில் 'ஒற்றைப்படை', மற்றதில் 'இரட்டைப்படை' என்று தேதிக்கணக்கில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடை எடுத்து வைக்கும்போது அன்றைய கணக்கை ஏற்றி, வயரைப் பிடுங்கி, சாவிக்கொத்தோடு மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.