எழுதியது யார்?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பர் பெரியோர். ஆனால் முளை நன்றாக இருந்தால், “இது யார் வயலில் பிடுங்கி நட்டது?” என்று கேட்பவர்களும் உண்டு. பிரான்ஸ் நாட்டுச் சிறுமி மினு துரூவேக்கு நேர்ந்தது அதுவே.

1947-இல் பிறந்த மினு, ஒரு தாயால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள். எட்டு வயதில் அவள் எழுதிய கவிதைகளும் கடிதங்களும் ரெனே ஜூலியார் என்ற பதிப்பாளரின் கைக்குக் கிட்டின. அவர் வெளியிட்ட அவளுடைய முதல் கவிதைத் தொகுப்பின் பெயருக்கு ‘மரமே, என் நண்பனே’ என்று பொருள். நூல் ஆயிரக்கணக்கில் விற்றது. “எழுதியது மகளல்ல, தாய்தான்” என்று ஒரு கூட்டமும் கிளம்பியது. பத்திரிகைகள் இதையே பேசின. முடிவில் 1956-இல் எழுத்தாளர், இசையமைப்பாளர் சங்கம் ஒன்று அவளைத் தனியே அமர்த்தி, கவிதை எழுதச் சொல்லிச் சோதித்தது. அவள் பாரிஸ் நகரத்து வானத்தைப் பற்றி எழுதித் தேறினாள்.

தேறினாள்; ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு இது எத்தகைய தண்டனை!

சென்ற ஆண்டு நான் எழுதிய ஒரு கட்டுரையைப் பார்த்து, “அண்ணன் எழுதிக் கொடுத்ததா?” என்று ஒருவர் கேட்டார். என் அண்ணனுக்கோ தமிழில் விடுப்பு விண்ணப்பம் எழுதவே என் உதவி வேண்டும்! அன்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் அழுதேன். மூன்று மாதம் எதுவும் எழுதவில்லை.

ஐயப்படுவதே தவறென்று நான் கூறவில்லை. பிறர் எழுதியதைத் தம் பெயரில் கொடுப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் “எழுதியது யார்?” என்பதற்கு முன், “எழுதியிருப்பது என்ன?” என்று பார்க்க வேண்டாமா? மினுவைப் பற்றி வாதாடியவர்களில் எத்தனை பேர் அவளுடைய மரத்தை நின்று பார்த்திருப்பார்கள்? ஐயமிருந்தால் அவளை அருகில் அழைத்து, “இந்தச் சொல்லை ஏன் போட்டாய் அம்மா?” என்று அன்போடு கேட்கலாம். எழுதியவள் முகம் மலர்ந்து பேசுவாள். எழுதாதவள் தானே தடுமாறுவாள்.

மினு வளர்ந்தபின் புகழை விட்டு விலகினார். 1993-இல் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். அதன் தலைப்புக்குப் பொருள் ‘என் உண்மை’. அந்தப் பழைய கேள்வி அவரை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்திருக்கிறது, பாருங்கள்!

அன்புத் தோழியரே, யார் ஐயப்பட்டாலும் பேனாவை மூடிவிடாதீர்கள். பெற்றோரே, பெரியோரே, முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள்.

இக்கட்டுரையை நானேதான் எழுதினேன். ஐயமிருந்தால் அழைத்துக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு பேசுவேன்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி