சேர்ந்து வாழ்ந்தால்தான் பாதுகாப்பா?

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை, மாலைத் திருப்பலி முடிந்து எல்லோரும் போன பிறகும் மணப்பெண் மட்டும் தயங்கி நின்றாள். மூன்றாண்டு காதல், இரு வீட்டாரின் சம்மதத்துடன் நிச்சயமான திருமணம். "சாமி, அவர் என்னை அடிக்கிறார். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கொடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பங்கிலுள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கேட்ட பிறகே என் அறியாமை புரிந்தது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள அந்தச் சட்டம் வன்முறைக்கு விரிவான பொருள் தருகிறது. அடி உதை மட்டுமல்ல, பாலியல் கொடுமை, இழிவான பேச்சு, பணம் தராமல் வதைப்பது யாவும் அதில் அடங்கும். பெண் வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது, தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்று நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் யாருக்கு இந்தப் பாதுகாப்பு? இரத்த உறவு, திருமணம், தத்து, அல்லது 'திருமணத்தை ஒத்த உறவு' இருக்கவேண்டும். இருவரும் எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்கவும் வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஜீவனாம்ச வழக்கொன்றில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த 'ஒத்த உறவு' எது என்று விளக்கியது. ஊரறியக் கணவன் மனைவிபோல் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்கவேண்டும், வார இறுதியில் சந்தித்துக்கொள்வது மட்டும் போதாது என்றது.

திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வதைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனாலும் அப்படி வாழ்ந்தவளுக்குச் சட்டம் பாதுகாப்பு தருவது சரியே. அடிபட்டவள் அடிபட்டவள்தானே! என் வருத்தம் வேறு. பெற்றோர் வீட்டிலேயே இருந்து திருமணத்திற்காகக் காத்திருந்த இந்தப் பெண்ணை அதே சட்டம் வெளியே நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் காதலர்களையும் மண நிச்சயம் செய்தவர்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. அங்கே ஒரே வீடு என்ற நிபந்தனை இல்லை.

நம் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது குற்றவியல் சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அவள் சம்மதித்து எடுத்த அந்தரங்கப் படமானாலும், அவள் சம்மதமின்றிப் பிறருக்கு அனுப்பினால் அதுவும் குற்றமே. அடித்ததற்கும் மிரட்டியதற்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் காவல் நிலையப் படியேற வேண்டும். நிச்சயமான பெண்ணை எந்தக் குடும்பம் அங்கே அழைத்துப் போகும்?

அவள் கேட்டுக்கொண்டபடி மறுநாள் மூன்றாம் ஓலையை நான் வாசிக்கவில்லை. புகார் கொடுக்க அவள் தந்தை இன்னும் சம்மதிக்கவில்லை.